குளத்தில் வெல்லம் கரைத்த வெள்ளிக்கிழமை

இதை எழுத ஆறு வருஷமாகத் தயங்கிக்கொண்டிருக்கிறேன். காலையில் குளித்து விளக்கேற்றியதும் நூற்றெட்டு தடவை அம்மன் பேர் எழுதுகிற நோட்டு ஒன்று என்னிடம் உண்டு. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் இதை ஆரம்பிப்பேன். நாலு வரி வந்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். முன்பக்கம் அவள் பேர், பின்பக்கம் நான் செய்தது. இரண்டும் ஒரே நோட்டில் இருக்கக் கை கூசியது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், நமக்கு எழுத்தெல்லாம் வராது என்றும் சொல்லிக்கொள்வேன். அது வெறும் சாக்கு. மளிகை லிஸ்டும், மகனுக்குக் கடுதாசியும், அம்மனுக்கு வேண்டுதல் சீட்டும் எழுதத் தெரிந்தவளுக்கு இது மட்டும் ஏன் வராது? இந்தத் தடவை தனி நோட்டு வாங்கிவிட்டேன்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். மாரியம்மன் கோயில், அதற்கு எதிரே ஊர்க்குளம். ஆற்றில் தண்ணீர் விட்டால் வாய்க்கால் வழியாக வந்து மதகில் இறங்கிக் குளம் நிறையும். கோயிலுக்குப் பூசாரி உண்டு. வாசல் தெளித்துக் கோலம் போடுவது, விளக்கு தேய்ப்பது, எண்ணெய் ஊற்றுவது என் வேலை. யாரும் சொல்லி நான் செய்யவில்லை. கல்யாணமாகி வந்த வருஷம் ஆசையாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. அதனால் ஊர்ப் பெண்களிடம் எனக்கு ஒரு மரியாதை. எதற்கு என்ன விரதம், எந்தக் கிழமை என்ன நைவேத்தியம் எல்லாவற்றுக்கும் "அக்காவைக் கேளு" என்பார்கள். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் எங்கள் ஊர் மாப்பிள்ளை. அவருக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடி பக்கம், கடற்கரை. எங்கள் கோயில் தெருப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். "கடல்ல பொறந்து கொளத்துல வந்து விழுந்துட்டேன்க்கா" என்று சிரிப்பார். எனக்கு அவர் மீன் தம்பி. லாரி டியூப்பில் பலகை கட்டி அதில் உட்கார்ந்து குளத்தைச் சுற்றி வருவார். கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டு வளர்த்தார். அவர் மனைவி, ஆடியில் அம்மனுக்குப் பொங்கல் வைக்க எல்லாருக்கும் முன்னால் வந்து செங்கல் போட்டு இடம் பிடிப்பவள். தன்னைத் தாண்டி யாரும் முதல் பானை பொங்கவைக்க முடியாது என்று வம்புக்கு இழுப்பாள்.

அந்த வருஷம் மேட்டூர் அணை திறக்கத் தாமதம். வைகாசி வெயிலில் குளம் பாதிக்கு மேல் வற்றி, படித்துறையில் கடைசி மூன்று படிக்குத்தான் தண்ணீர் இருந்தது. எங்கள் வயல் குளத்துக்கு மேற்கே. போர் தண்ணீரை வைத்துக் கோடை நெல் போட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் யூரியா தெளித்த மறுநாள் ஒரு கோடை மழை கொட்டியது. வயலில் வழிந்தது எல்லாம் வடிகாலில் ஓடிக் குளத்தில் இறங்கியது. அதை யாரும் அப்போது ஒரு விஷயமாக நினைக்கவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குத்தானே போகும்.

பத்து நாளில் குளம் பச்சையானது. முதலில் ஓரத்தில் நுரை மாதிரி இருந்தது. பிறகு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி குளம் முழுக்க ஒரே பச்சை. கையில் அள்ளினால் ரேகையெல்லாம் பச்சையாக ஒட்டியது. காலை வெயிலில் அது மின்னுவதைப் பார்த்துவிட்டு, கோலமாவு டப்பாவோடு நின்ற நான் சொன்னேன்: "பாருங்கடி, ஆத்தா பச்சைப்பட்டு கட்டியிருக்கா."

சும்மா, மனசில் வந்ததைச் சொன்னேன். சாயங்காலம் நாலு பெண்கள் மஞ்சள் குங்குமத்தோடு படித்துறைக்கு வந்தார்கள். மறுநாள் பத்துப் பேர். மூன்றாம் நாள் பக்கத்து ஊரிலிருந்து வந்தவள் என்னிடமே கேட்டாள், "அம்மன் உங்க கனவுல வந்து பட்டு வேணும்னு கேட்டாளாமே?" நான் கனவே காணவில்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் இல்லை. லேசாகச் சிரித்துக்கொண்டு விளக்கைத் தூண்டினேன்.

மீன் தம்பிதான் வந்து சொன்னார். "அக்கா, இது பட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. பாசி முத்திப்போச்சு. இந்தப் பாசியில ஒரு விஷம் உண்டு. யாரும் குளிக்காதீங்க. வாய் கொப்புளிக்காதீங்க. மாட்ட எறக்காதீங்க. நானே தீனி போடுறத நிறுத்திட்டேன். நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். நான் சொன்னேன், "ஏன் தம்பி, உப்புத்தண்ணியில வளந்த உனக்கு எங்க ஆத்தா கொளத்தப் பத்தி என்ன தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, "சரிக்கா, உப்பு கூடிப்போச்சு எனக்கு" என்று போனார்.

ரெண்டு நாள் கழித்து விடியற்காலை கோலம் போட வந்தபோது குளத்தில் ஒரு அதிசயம். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. நூறா, ஆயிரமா தெரியாது. குளம் முழுக்க வட்ட வட்டமாய் வாய்கள். சப் சப் என்று ஒரு சத்தம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிரசாதம் கேட்கின்றன என்று நினைத்தேன். தெருவில் குரல் கொடுத்தேன். பெண்கள் பொரியும் பொட்டுக்கடலையும் கொண்டு வந்தார்கள். குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி அள்ளி அள்ளிப் போட்டோம். ஒருத்தி குலவையிட்டாள். மீன் ஒன்றும் பொரியைத் தொடவில்லை. பொரி அதுபாட்டுக்கு மிதந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

தம்பி கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "போடாதீங்க, போடாதீங்க! அதுங்க சாப்பாடு கேக்கலக்கா, மூச்சு கேக்குதுங்க!"

தண்ணீருக்குள் காற்று இல்லை, இந்தப் பாசி ராத்திரியில் இருக்கிற காற்றையெல்லாம் இழுத்துக்கொள்கிறது, பொரி அழுகினால் அது மிச்சத்தையும் தின்றுவிடும் என்றார். அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டார், "மாமா, ரெண்டே நாளு போர் தண்ணிய கொளத்துக்குத் திருப்பி விடுங்க. மேல இருந்து விழுந்தா காத்து கலக்கும். பொழச்சுக்கும்."

"பயிரு காயுதுப்பா. நெல்லு பால் புடிக்கிற நேரம்" என்றார் இவர்.

நான் தம்பிக்கு மோர் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொல்லியிருந்தால் இவர் விட்டிருப்பார், எனக்குத் தெரியும். தம்பி மோரைக் குடித்துவிட்டு, "சரி மாமா, எங்கயாவது டீசல் மோட்டார் கெடைக்குதான்னு பாக்குறேன்" என்று வண்டியை எடுத்தார்.

அதற்குள் எங்களுக்கு உடம்பில் அரிப்பு வந்துவிட்டது. அந்தக் குளத்தில் குளித்தவர்கள் எல்லாருக்கும் கழுத்து, முதுகு, இடுப்பு எங்கும் தடிப்புத் தடிப்பாய். எனக்கு முழங்கை வரை சிவந்து எரிந்தது. தோலில் எது வந்தாலும் மாரியம்மன் சூடு என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குப் பரிகாரமும் தெரியும். எங்கள் பக்கத்துக் கோயில் குளங்களில் உப்பும் மிளகும் வெல்லமும் போடுவார்கள். வெல்லம் தண்ணீரில் கரைகிற மாதிரி உடம்பில் வந்தது கரைந்துபோகும் என்று நம்பிக்கை. ஒரு ஆள் ஒரு கட்டி போடுவது வழக்கம்.

நான் ஒரு கட்டியோடு நிறுத்தச் சொல்லவில்லை. "ஊருக்கே வந்த சூடு. ஊரே சேந்து கரைக்கணும்" என்றேன். அந்த வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆம்பளைகள் படுத்திருந்த நேரம், வீட்டுக்கு வீடு வந்த வெல்லம் இரண்டு சாக்கு சேர்ந்தது. அதைக் கரைக்கக் கூழ் காய்ச்சுகிற பானைகளையும் கொண்டு வந்தார்கள். வெயிலில் வெல்லம் உருகிக் கையெல்லாம் பிசுபிசுத்தது. மூன்றாம் படியில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே கரைத்தோம். பச்சைத் தண்ணீரில் வெல்லப்பாகு பழுப்பாய் இழை இழையாய் இறங்கியது. அழகாக இருந்தது. கரைக்கும்போது தம்பி சொன்னது எனக்கு ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. 'அவன் சொன்னது பொரிக்கு, இது வெல்லம்' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்தபோது குளத்தில் தண்ணீர் தெரியவில்லை. வெள்ளை வயிறாய்த் தெரிந்தது. கை நீளக் கட்லா, விரல் நீளக் குஞ்சு, சேற்றுக்குள் கிடக்கிற விரால்கூட மேலே வந்து செத்திருந்தது. காக்காயும் பருந்தும் வட்டமிட்டன. வெயில் ஏறியதும் நாற்றம் கோயில் கர்ப்பக்கிருகம் வரை வந்தது. நான் சாம்பிராணி போட்டேன். சாம்பிராணியையும் மீறி வந்தது.

எட்டு மணிக்குத் தம்பி வந்தார். வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய டீசல் மோட்டார். மூன்று ஊர் அலைந்து வாங்கி வந்திருக்கிறார். வண்டி என்ஜினை நிறுத்தவில்லை, ஸ்டாண்டும் போடவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார்.

"நேத்து முழுக்க எங்கடா போயிருந்த?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"மோட்டார் தேடிப் போனேன்."

"மோட்டார் தேடிப் போனியா, மீனு மயங்குற மருந்து தேடிப் போனியா? மொத்தமா வாரிடலாம்னு ஊத்திட்ட. அளவு மிஞ்சிப்போச்சு, அப்படித்தானே?"

இந்த ஊரில் பிறந்தவன் யாரும் ஆத்தா குளத்தில் மருந்து ஊற்ற மாட்டான் என்று இன்னொருவர் சொன்னார். கூட்டம் ஆமாம் என்றது. தம்பியின் மனைவி கத்தினாள், "தான் வளத்த மீனுக்குத் தானே மருந்து ஊத்துவாரா? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசுங்க!" அவள் பேச்சு எடுபடவில்லை.

மத்தியானம் மீன் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் மகள் வயசு இருக்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு படியில் இறங்கி பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். பிறகு பெண்கள் நின்ற பக்கம் வந்து ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"பச்சையா ஆனதுக்கு அப்புறம் இதுல எதாவது போட்டீங்களாம்மா? சாணி, சாப்பாடு, வெல்லம், பால், அந்த மாதிரி? கோயிலுக்காகப் போட்டிருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக என்னைப் பார்த்தார்கள். என் நகத்துக்குள் இன்னும் வெல்லம் கறுப்பாய் இருந்தது. முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டேன்.

"இல்லம்மா" என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. ஒரே வார்த்தை. தண்ணீரில் தெரியாமல் செய்ததை அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இது தெரிந்து செய்தது. அந்தப் பெண் குறித்துக்கொண்டு, "அப்ப விஷம் எதாவது கலந்திருக்கான்னும் பாக்கச் சொல்றேன்" என்றாள். பின்னால் நின்ற ஆம்பளைகளுக்கு 'விஷம்' என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. சாயங்காலத்துக்குள், ஆபீஸிலிருந்து வந்த அம்மாவே விஷம் என்று சொல்லிவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பஞ்சாயத்து. தம்பி சொன்னார், "நான் சத்தியம் பண்றேன். கையில சூடம் ஏத்துங்க."

சூடத்தைக் கையில் ஏற்றி, அம்மன் முன்னால் சத்தியம் செய்து அணைப்பது எங்கள் ஊரில் கடைசி வார்த்தை. பூசாரிக்கு அன்றைக்குத் தீட்டு. சூடம் எடுத்துக் கொடுக்க, "அக்காவ கூப்புடுங்க" என்றார்கள்.

நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். தலைவலி என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோயில் டப்பாவிலிருந்து சூடத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். தீப்பெட்டியில் மூன்று குச்சி வீணாகி நாலாவதுதான் பற்றியது. அவர் என் கண்ணைப் பார்த்தார். அம்மனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இந்தக் கொளத்துல நான் மருந்து ஊத்தல. ஊத்தியிருந்தா என் வம்சம் வெளங்காது." சூடம் எரிந்து தீருகிற வரைக்கும் கையை மூடவில்லை. தோல் கருகுகிற வாசனை எனக்கு வந்தது.

அப்புறமும் ஒருத்தன் சொன்னான், "வெளியூர்க்காரனுக்கு நம்ம ஆத்தாகிட்ட என்ன பயம் இருக்கப்போவுது? அவன் சத்தியம் அவனோட."

உப்புத்தண்ணியில் வளர்ந்தவனுக்கு நம் ஆத்தா குளத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நான் கேட்டேனே, அதே பேச்சு. நான் விளையாட்டாகப் போட்டது அவன் வாயில் தீர்ப்பாக வந்தது.

இனிமேல் தம்பி குளத்தில் கால் வைக்கக் கூடாது என்று முடிவானது. யாரும் ஊரை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றது. ஆனி முடிவதற்குள் குடும்பத்தோடு கூத்தாநல்லூர் பக்கம் போய்விட்டார்கள். அந்த ஆடியில் அவள் செங்கல் போடுகிற இடம் காலியாக இருந்தது. வேறு யாரும் அங்கே பானை வைக்கவில்லை. விஷம் ஏதும் இல்லை, பாசியும் காற்றில்லாததும்தான் காரணம் என்று ஆபீஸிலிருந்து தாள் வந்தது. அதை வாங்கிப் படித்த பெரியவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர்கள்தான் போய்விட்டார்களே, இப்போது எதற்கு என்றார்.

அதற்கப்புறமும் நான் தினமும் விளக்கேற்றினேன். அம்மன் முகத்தைப் பார்க்காமல், பாதத்தை மட்டும் பார்த்து எண்ணெய் ஊற்றப் பழகிக்கொண்டேன். நாலு வருஷம் அப்படிப் போனது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மனசு கேட்காமல் பஸ் ஏறிப் போனேன். கூத்தாநல்லூரில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். யாருடைய மீன் குட்டையிலோ கூலிக்கு இருக்கிறார். வாசலில் அவர் மனைவி மீன் அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க. பொரி கொண்டாந்திருக்கீங்களா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள், "அழுவாதீங்க. இங்க வந்து அழுதா எனக்கு என்ன புண்ணியம்?" என்றாள். உள்ளே இருந்து தம்பி வந்தார். வெல்லம் கரைத்ததையும், 'இல்லம்மா' என்று சொன்னதையும் சொன்னேன். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தால், அந்தக் கையில் சூடம் எரிந்த இடம் பளபளவென்று தழும்பாக இருந்தது. பிடிக்கத் தைரியம் வரவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா" என்றார். "படித்துறையில வெல்ல சாக்கு கெடந்துச்சு. எறும்பு மொய்ச்சுக்கிட்டு."

"அப்ப ஏன் தம்பி சொல்லல?"

"சொல்லியிருந்தா? ஆத்தாவுக்குப் பண்ண பரிகாரத்தக் கொற சொல்றான்னு இன்னும் ரெண்டு அடி சேத்து விழுந்திருக்கும். நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சூடம் வைக்கும்போதுகூட நெனச்சேன்." பிறகு சொன்னார், "வெல்லம் மட்டும் காரணம் இல்ல. தண்ணி ஏற்கெனவே செத்துக்கிட்டுதான் இருந்துச்சு. அத நீங்க ஒரேயடியா அமுக்கிட்டீங்க."

வெல்லம் மட்டும் காரணம் இல்லை என்றதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிட ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர் மனைவிதான் முடிவாகச் சொன்னாள். "எங்களுக்குக் கொளமும் வேண்டாம், குத்தகையும் வேண்டாம். நான் பொறந்த ஊருல, என் அம்மன் வாசல்ல, ஆடிக்கு ஒரு பானை பொங்கணும். 'மருந்து ஊத்துனவன் பொண்டாட்டி வர்றா'ன்னு எவளும் சொல்லக் கூடாது. அத நீங்க பண்ணிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

பண்ணிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பெண்கள் கூடியபோது எல்லாவற்றையும் சொன்னேன். இருபது பேராவது கேட்டார்கள். பாதிப் பேர் என்னோடு வெல்லம் கரைத்தவர்கள்.

"விடுக்கா, எல்லாரும் சேந்துதானே பண்ணோம்" என்றாள் ஒருத்தி. "பாவம், அக்காவுக்கு எளகின மனசு" என்றாள் இன்னொருத்தி. ஒரு வாரத்தில் அது என் காதுக்கே வேறு மாதிரி திரும்பி வந்தது. அவன் செய்த பாவத்தை அக்கா தன் தலையில் போட்டுக்கொள்கிறாளாம். அம்மனே கனவில் வந்து மன்னிக்கச் சொன்னாளாம். என்ன பக்தி பார் என்று புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி என் காலில் விழுந்தாள். நான் எழுப்பி, "அப்படி இல்லடி, நான் பொய் சொன்னவ" என்றேன். அவள் இன்னும் கொஞ்சம் கண் கலங்கி என்னைப் பார்த்தாள்.

வாயால் சொன்னால் எங்கள் ஊரில் இப்படித்தான் ஆகிறது. பச்சைத் தண்ணீர் பட்டானது, பட்டு கனவானது, கேள்வி விஷமானது. நான் செய்த பாவம்கூட எனக்கே பெருமையாகத் திரும்பி வருகிறது. அதனால்தான் எழுதினேன். எழுத்தை மாற்ற முடியாதே என்று.

இந்த ஆடிக்குத் தம்பி மனைவி வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பானை அவளே கொண்டு வருகிறாளாம். அவளுக்கு முன்னால் இது எங்கள் படித்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். படிக்கிறவர்கள் யாராவது எங்கள் பக்கத்துக்காரர்களாக இருந்தால், உங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். வேண்டுமானால் நோட்டில் எழுதிக் கொடுங்கள். ஆனால் இருக்கிறபடியே கொடுங்கள். இரண்டு சாக்கு வெல்லத்தை ஒரு கட்டியாகக் குறைக்க வேண்டாம். கனவு எதையும் சேர்க்க வேண்டாம். என்னை நல்லவளாக்க வேண்டாம். அந்த மீன் ஆபீஸ் பெண் கேட்டபோது நான் 'இல்லம்மா' என்று சொன்னதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.